பூட்டின வீட்டு மாடியில் வடகம்

கொஞ்சம் நகந்து உக்காருங்க சார். இந்தப் பையக் கீழ வைக்க முடியாது, அதான். மடியிலயே வச்சுக்கிறேன். கனமா இருக்கா? ஆமா, கனந்தான். பூட்டு சார், வேற ஒண்ணுமில்ல. திண்டுக்கல்லுக்காரன் பூட்டு வாங்கிட்டுப் போறதுல என்ன அதிசயம்னு பாக்குறீங்க. அதிசயமெல்லாம் இல்ல. ஆனா இது மூணாவது பூட்டு. ஒரே கதவுக்கு.

வத்தலக்குண்டு வரைக்கும் போறேன். நீங்க? பெரியகுளமா? அப்பச் சரி, எனக்குப் பெறகுதான் நீங்க எறங்குவீங்க. நான் கண்ணசந்துட்டா செம்பட்டி தாண்டுனதும் ஒரு தட்டு தட்டி எழுப்பிவிடுங்க. எங்க தூங்கப் போறேன். நான் நல்லாத் தூங்கி ரொம்ப காலமாச்சு.

நமக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை. தனுக்கோடி ஜெராக்ஸ்னா ஆட்டோக்காரங்க எல்லாருக்கும் தெரியும். ஒண்ண வச்சு ஒம்பது எடுக்குறதுதான் பொழப்பு. சாவியும் இப்ப அந்தக் கணக்காப் போச்சு சார். பூட்டுக் கடைக்காரன் சொல்றான், சாதாச் சாவிய சோப்புல ஒரு அமுக்கு அமுக்குனாப் போதுமாம், அச்சு விழுந்துருமாம். இப்ப சோப்புகூட வேணாமாம். போன்ல போட்டோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுனா வெட்டிக் குடுத்துருவாய்ங்களாம். டீக்கடையில சாவிய மேசை மேல வச்சுட்டு டீ குடிப்பமே, அந்த நேரம் போதும்ங்கிறான். அதக் கேட்டதுலேர்ந்து நான் டீக்கடையில நின்னுக்கிட்டேதான் குடிக்கிறேன்.

இந்தப் பூட்டுச் சாவியப் பாருங்க. பல்லே கெடையாது. ரெண்டு பக்கமும் குழி குழியா, அம்மைத் தழும்பு மாதிரி. இதுக்கு டூப்ளிகேட் போட எந்தக் கடையிலயும் மெஷின் இல்லியாம். மூணு சாவி குடுத்திருக்கான். நாலாவது சாவின்னு ஒண்ணு ஒலகத்துலயே கெடையாது. அத நம்பித்தான் போறேன்.

எங்கப்பா கட்டுன வீடு சார். மச்சு வீடு. அப்பா போயி, அம்மாவும் போனப்பெறகு சும்மா கெடக்கு. வாரிசுன்னா நானும் எந்தம்பி குருநாதனும். ரெண்டே பேரு. அவன் மதுரையில இருக்கான். ஒரு தங்கச்சி இருக்கா, பஞ்சவர்ணம், நாங்க வர்ணம்னு கூப்புடுவோம். அவளத்தான் கட்டிக் குடுத்தாச்சே. அவளுக்கும் பங்கு உண்டுன்னு சட்டம் சொல்லுதாம். சொல்லட்டும். அவ கேக்க மாட்டா. கையெழுத்துப் போடுன்னா எங்கண்ணேன்னு கேட்டுப் போட்டுட்டுப் போயிருவா. அவளப்பத்தி எங்க ரெண்டு பேத்துக்குமே கவலையில்ல.

முதல்ல அப்பா காலத்து மாங்காப் பூட்டுதான் கதவுல தொங்குச்சு. சாவி ரெண்டு. எனக்கொண்ணு, அவனுக்கொண்ணு. நான் எஞ்சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போட்டு வச்சேன். தொலைஞ்சு கிலைஞ்சு போச்சுன்னா? ஒரு முன்ஜாக்கிரதை. அந்தப் பயலும் ஒண்ணு போட்டு வச்சிருக்கான் சார், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம! எதுக்கு? திருட்டுப் புத்தி, வேறென்ன. அம்மாவோட வெங்கல விளக்க நான் எடுத்துட்டு வந்தேன், பூட்டுன வீட்டுல விளக்கு எதுக்கு, நம்ம வீட்டுல பத்திரமா இருக்கட்டுமேன்னு. அடுத்தவாட்டி போறேன், பித்தளை அண்டாவக் காணோம். தூக்கிட்டுப் போயிட்டான். எப்படி இருக்கு பாருங்க.

கேட்டா என்னையப் பாத்துக் களவாணிங்கிறான். அண்ணன்னு பாக்கல, அறுவது வயசு ஆளுன்னு பாக்கல. நடுத்தெருவுல வச்சுச் சொன்னான் சார். எதிர்வீட்டு பாக்கியத்தக்கா வாசல் தெளிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு நின்னுச்சு. என்னையத் திட்டட்டும், அடிக்கட்டும், பொறுத்துக்குவேன். களவாணின்னு சொல்லலாமா? நான் ஒரு பேப்பர் கூட ஜாஸ்தி ஓட்ட மாட்டேன் சார் கடையில.

அப்பறம் எங்க சொக்கலிங்க மாமாதான் பஞ்சாயத்து பண்ணுனாரு. ஆளுக்கொரு பூட்டுப் போடுங்கடா, ரெண்டு சாவியும் சேந்தாத்தான் கதவு தொறக்கணும்னுட்டாரு. நல்ல யோசனை. மேல என் பூட்டு, கீழ அவன் பூட்டு. அவன் இல்லாம நான் போக முடியாது, நான் இல்லாம அவன் போக முடியாது. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அதனால யாருமே உள்ள போனதில்ல. அப்பப்ப வந்து வெளிய நின்னு பூட்ட ஆட்டிப் பாத்துட்டுப் போவேன். அவனும் வந்து ஆட்டுவான்னு பாக்கியத்தக்கா சொல்லும்.

கொல்லைக் கதவா? நல்லாக் கேட்டீங்க. கொல்லையில ஒரு கதவு இருக்கு, சந்துப் பக்கமா. அதப்பத்திப் பயமில்ல. உள்ளுக்குள்ள தாழ்ப்பாப் போட்டுக் குறுக்கச் சட்டம் கொடுத்திருக்கு. வெளிய இருந்து ஆனை வந்தாலும் தொறக்க முடியாது. உள்ள இருந்துதான் தொறக்க முடியும். உள்ளதான் ஆளே இல்லையே.

என் பூட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என் அரைஞாண் கயித்துல. குளிக்கும்போதும் கழட்டுறதில்ல. இடுப்புல தழும்பே விழுந்துபோச்சு. இன்னொண்ண வீட்டுல வைக்க முடியுமா? பேரப்புள்ளைக எடுத்துச் சாக்கடையில போட்டுரும். எம் பொண்டாட்டிகிட்ட குடுத்தா அவ தம்பிகிட்ட குடுத்துருவா. அதனால வர்ணத்துகிட்ட குடுத்து வச்சேன். உசுரே போனாலும் யாருகிட்டயும் குடுக்கக் கூடாது, எங்கிட்ட இருக்குன்னு மூச்சு விடக் கூடாதுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டுத்தான் குடுத்தேன். சரிண்ணேன்னா. அவ எதுக்குமே சரிண்ணேதான்.

பாவம் சார் அவ. மாப்பிள்ளை போன வருசம் தவறிட்டாரு. தேவதானப்பட்டியில ஸ்கூல்ல கிளார்க்கா இருந்தவரு. நல்ல மனுசன், வெயிலோ மழையோ கைல கறுப்புக் கொடை இல்லாம தெருவுல எறங்க மாட்டாரு. புள்ளைகுட்டி இல்ல. இருந்தது வாடகை வீடு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் கெளம்புற நேரத்துல எங்கிட்ட வந்து நின்னா. "பெரியண்ணே, வத்தலக்குண்டு வீடு சும்மாதான கெடக்கு. நான் அங்கிட்டு ஒரு ஓரமா இருந்துக்கிறட்டுமா?"ன்னா.

எப்படி சார் விட முடியும்? நாளைக்கு குருநாதன், உன் ஆள உள்ள வச்சுட்டன்னு கேஸ் போடுவான். அதுவுமில்லாம ரெண்டு அண்ணன்மாரு உசுரோட இருக்கும்போது பொம்பளப்புள்ள தனியா இருந்தா ஊர்ல என்ன பேசுவாக? அதெல்லாம் சரிப்படாது, நீ எங்கூட வந்து இருன்னுட்டேன். கூட்டிட்டும் வந்தேன். வந்தா சார். ஒரு பொட்டி, மாப்பிள்ளையோட கொடை, அவ்வளவுதான் கொண்டாந்தா. கடைக்குப் பின்னாடி பேப்பர் பண்டல் அடுக்குற ரூம் இருக்கு, பண்டல எல்லாம் ஒதுக்கி நல்லாத்தான் படுக்கை போட்டுக் குடுத்தோம். மெஷின் சூடு கொஞ்சம் அடிக்கும். எம் பொண்டாட்டி மொகத்தத் தூக்கி வச்சுக்குவா, அது அவ சுபாவம், எல்லாருகிட்டயும் அப்படித்தான்.

கொஞ்ச நாள்ல வர்ணமே, "அண்ணே, நான் சின்னண்ணன் வீட்டுல போயி இருக்கேன், அங்கிட்டு வீடு பெருசு"ன்னா. போயிட்டா. பொய் சொல்லல சார், எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. சாவிய மட்டும் பத்திரமா வச்சுக்கம்மா, அந்தப் பய கண்ணுல காட்டிறாதன்னு சொல்லித்தான் பஸ் ஏத்திவிட்டேன்.

அங்க நல்லாத்தான் இருக்கா போல. அவளாத்தான் எப்பவாச்சும் போன் பண்ணுவா. நான் பண்ணுனா எடுக்க மாட்டா. ஏம்மா எடுக்கலன்னு கேட்டா, "சின்னண்ணன் பக்கத்துல இருந்தாரு"ம்பா. நியாயந்தான. எங்கூடப் பேசுறது தெரிஞ்சா அவன் என்ன குதி குதிப்பானோ. போன மாசம் ஒரு டப்பா வெங்காய வடகம் குடுத்தனுப்புனா. அப்படியே எங்கம்மா கைப்பக்குவம் சார். பொரிச்சுத் தொட்டுக்கிட்டா பழைய சோறு ஒரு சட்டி எறங்கும்.

அட, வடகம்னதும்தான் விசயத்துக்கு வாரேன். முந்தாநாளு பாக்கியத்தக்கா போன் பண்ணுது. "என்னப்பா தனுக்கோடி, வீட்டை வாடகைக்கு விட்டுட்டீகளா?"ங்குது. இல்லையேக்கான்னேன். "இல்லையா? உங்க மொட்டமாடியில வேட்டிய விரிச்சு வடகம் காயுதேப்பா. காக்கா வராம இருக்கக் கறுப்புக் கொடைய வேற விரிச்சு வச்சிருக்கு"ங்குது.

முன்கதவப் போயிப் பாருக்கான்னேன். பாத்துட்டு வந்து சொல்லுது, ரெண்டு பூட்டும் தொங்குதாம். தூசிகூட அப்படியே இருக்காம். ஆனா வீட்டுத் தண்ணி போற சாக்கடையில சோறு வடிச்ச கஞ்சி ஓடுதாம். உள்ள ஆரோ குடும்பமே நடத்துறாகங்குது.

யாரு வேலை இது? குருநாதன் வேலை. எஞ்சாவிக்கு டூப்ளிகேட் போட்டுட்டான். ஆள உள்ள குடி வச்சுட்டான். கொஞ்ச காலம் போனா அனுபவ பாத்தியம்பான், வீடு அவனுக்குப் போயிரும். எப்ப எடுத்தான் என் சாவியன்னு முந்தாநாள்லேர்ந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன் சார். சொக்கலிங்க மாமா பேத்தி கல்யாணத்துல மண்டபத்துல குளிச்சேன். அன்னிக்கு மட்டும் வேட்டி கட்டும்போது கயித்தக் கழட்டி ஆணியில மாட்டுனேன். ஒரு நிமிசம்தான். குருநாதன் மகன் வாசல்ல நின்னு பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தான். அங்கதான்! அன்னிக்கே எனக்குச் சந்தேகம். அந்தக் குளியலறை சோப்ப எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தேன் சார், சாவித் தடம் ஏதாச்சும் இருக்கான்னு. யாரோ தேச்சுக் கரைஞ்சு போயிருந்துச்சு.

சிரிக்காதீங்க. சிரிப்பாத்தான் இருக்கும் உங்களுக்கு. எனக்கு அலுத்துப்போச்சு சார். பூட்ட நெனச்சே படுக்குறேன், பூட்ட நெனச்சே எந்திரிக்கிறேன். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்னுதான் கெளம்பிட்டேன். உள்ள இருக்குறது எவனா இருந்தாலும் பொட்டி படுக்கையத் தூக்கித் தெருவுல வீசிட்டு, இந்தப் பூட்டப் போட்டுட்டு வந்துருவேன். பாக்கியத்தக்கா சாட்சி. பொம்பளையா இருந்தாலும் விடுறதா இல்ல.

இருங்க, போன் அடிக்குது. யாருன்னு பாருங்களேன், கண்ணாடி பைக்குள்ள இருக்கு. என்ன போட்டிருக்கு? "எடுக்க வேண்டாம்"னா? அது எந்தம்பி சார். எம் மக அப்படிப் பேரு போட்டுக் குடுத்திருக்கா. அவன் எதுக்கு இப்பப் போன் பண்றான்? எத்தனை வருசமாச்சு. எடுக்கவா? எடுத்துத்தான் பாப்போமே.

"ஆங், சொல்லு. நான்தான். என்னடா சத்தம் போடுற? யாரு, நானா? நான் ஆள் வச்சேனா? ஏண்டா, நீ பண்ணிட்டு என்னையச் சொல்றியா? பாக்கியத்தக்கா உனக்கும் சொல்லிருச்சா? நல்லாக் கேட்டுக்க, என் சாவி என் இடுப்புல இருக்கு. இன்னொண்ணு எங்க இருக்குன்னு உனக்கு எதுக்குடா? நீ முதல்ல உன் சாவி எங்கன்னு சொல்லு. ஒண்ணு உன் பையில, சரி. இன்னொண்ணு? யாருகிட்ட? வர்ணத்துகிட்டயா? உன் சாவியுமா? எப்படா குடுத்த? சத்தியம் வாங்கிட்டா?"

"ஏண்டா, நான் எதுக்கு அவகிட்ட போனக் குடுக்கணும்? அவ உன்..."



"இருக்கேன். லைன்லதான் இருக்கேன். பஸ்ல இருக்கேன், சத்தம் சரியாக் கேக்கல. என்ன சொன்ன, திருப்பிச் சொல்லு. அவ எங்கிட்ட இருக்கேன்னு உங்கிட்ட சொன்னாளா. நீ பண்ணுனா எடுக்க மாட்டாளா. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லுவாளா."

"ம்."

"ஆமாடா. எங்கிட்டதான் இருக்கா. வீட்டுல இருக்கா. நல்லா இருக்கா, அவளுக்கு என்ன. சாவியெல்லாம் அவகிட்ட பத்திரமா இருக்கு, அவ யாருக்கும் குடுக்கல. அவள ஒண்ணும் கேக்காத. நீ இப்ப ஊருக்கு வராத. வரவேணாம்ங்கிறேன்ல? உள்ள யாரும் இல்லடா. அந்த வடகம் நம்ம வீட்டு வடகந்தான். எம் பொண்டாட்டி போட்டது, நான்தான் மாடியில காய வச்சேன். எப்படியா? உன் பூட்டுக்கு டூப்ளிகேட் போட்டேன். ஆமா. நான்தான் போட்டேன். சோப்புல அச்செடுத்துப் போட்டேன். என்ன பண்ணச் சொல்ற இப்ப? சொல்லு. சொல்லிக்க. இன்னும் சொல்லு. சரி. வையி."

வச்சுட்டான்.

களவாணின்னு சொல்லிட்டான் சார். அப்பவே சொன்னேன்னான். ஊரக் கூட்டிச் சொல்லப் போறானாம், மாமாகிட்டயும் சொல்லப் போறானாம். சொல்லட்டும்.

கொஞ்சம் தண்ணி இருக்கா சார்?

அவ எங்க வீட்டுலயும் இல்ல, அவன் வீட்டுலயும் இல்ல. எங்கிட்ட அவன் வீடுன்னு சொல்லிட்டா, அவங்கிட்ட என் வீடுன்னு சொல்லிட்டா. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாத்தான தெரியும்? எங்களுக்குள்ள பேச்சில்லங்கிற தைரியத்துலதான் இத்தனை நாளும் இருந்திருக்கா. ரெண்டு பேரும் தனித்தனியாச் சத்தியம் வாங்கிட்டு ரெண்டு சாவியையும் அவ கையில குடுத்திருக்கோம். ஒருவாட்டி தொறந்திருப்பா. உள்ள போயிக் கொல்லைக் கதவத் தாழ்ப்பா நீக்கிட்டு, திரும்ப வாசலுக்கு வந்து ரெண்டு பூட்டையும் பூட்டியிருப்பா. அப்பறம் சந்து வழியாவே போக்குவரத்து. நாங்க முன்னாடி நின்னு பூட்ட ஆட்டும்போதெல்லாம் உள்ளதான் இருந்திருக்கா சார். மூச்சுக் காட்டாம உக்காந்திருப்பா. இது பெரியண்ணன் ஆட்டுறாரு, இது சின்னண்ணன்னு கதவு சத்தத்துலயே தெரிஞ்சிருக்கும் அவளுக்கு.

அந்தக் கொடை மாப்பிள்ளையோடது. பாக்கியத்தக்கா சொன்னப்பவே எனக்குத் தோணியிருக்கணும். அந்த வடகத்தத் தின்னுருக்கேன் சார் நான். குருநாதன் வீட்டுக்கு மாடியே கெடையாது. எங்க காய வச்சிருப்பான்னு ஒரு நாளாச்சும் யோசிச்சனா?

என்ன சார் கேட்டீங்க? தூக்கி வீசுறதா? யாரத் தூக்கி வீச? ஒரு ஓரமா இருந்துக்கிறட்டுமான்னுதான கேட்டா. அதுக்கு ஊரு என்ன சொல்லும்னு கேட்டவன் நான். ஊருல ஒருத்தருக்கும் தெரியாமலே இருந்து காட்டிட்டா. வெளக்குப் போட்டா தெரியும்னு இருட்டுலயே இருந்திருப்பா. வெளக்கையும் நான்தான தூக்கிட்டு வந்துட்டேன்.

செம்பட்டி தாண்டிருச்சா? தாண்டிருச்சு.

எனக்கு இப்ப வேற கவலை வந்துருச்சு சார். அந்தக் கொல்லைக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டே கெடையாது. நாதாங்கி இருக்கு, பூட்டு இல்ல. அவ கடைகண்ணிக்குப் போனா கதவச் சும்மா சாத்திட்டுத்தான போவா? எவனாச்சும் உள்ள புகுந்து ஒளிஞ்சுக்கிட்டா? ஒத்தப் பொம்பள. பயந்துக்கிட்டேதான போயிட்டு வருவா. நான் முன்கதவுக்கு மூணாவது பூட்டு வாங்கிட்டுப் போறேன் பாருங்க. இது கொல்லைக் கதவு நாதாங்கியில சேருமா? கடைக்காரன் எல்லாத்துக்கும் சேரும்னுதான் சொன்னான். சேரலன்னா ஆசாரிய வரச்சொல்லி வேற நாதாங்கி அடிச்சுக்கலாம்.

ஒரு சாவிய நான் வச்சுக்கலாமான்னு பாக்குறேன். அவசரம் ஆபத்துக்கு. இல்ல, வேணாம். மூணும் அவகிட்டயே இருக்கட்டும். குருநாதன் கையில போகாதுல்ல, அது போதும் எனக்கு.

எறங்கணும் சார், வழி விடுங்க. பைய நானே எடுத்துக்கிறேன். வாசல் பக்கம் போனா பாக்கியத்தக்கா பாத்துரும், சந்து வழியாப் போறேன். சொந்த வீட்டுக் கொல்லைக் கதவ இதுவரைக்கும் நான் தட்டுனதே இல்ல. தட்டுனா பயந்துருவா. ஏதாச்சும் சொல்லிக்கிட்டே தட்டணும். வர்ணம், அண்ணன்மா, பசிக்குது, வடகம் இருக்கான்னு கேக்குறேன். குரலக் கேட்டாத் தொறப்பால்ல சார்?